மருந்துப் பெட்டியும் பல்லக்கும்

1898 ஆகஸ்ட் 22ஆம் தேதி, வட திபெத்தில் தாங்-லா மலைத்தொடரை ஒட்டிய பொட்டல்வெளியில், பதினான்கு மாதம்கூட நிரம்பாத ஓர் ஆண்குழந்தை பயணத்தின் நடுவே நினைவு தப்பி இறந்துபோனது. மரம் முளைக்காத பூமி அது. சவப்பெட்டி செய்யப் பலகை கிடையாது. குழந்தையின் அம்மா ஒரு டாக்டர். கொண்டுவந்திருந்த மருந்துப் பெட்டியைக் காலி செய்தார்கள். உள்ளே துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். புதைத்த இடத்தை யாரும், எதுவும் தோண்டிவிடக் கூடாதே என்று மேலே ஒரு பாறையை உருட்டி வைத்தார்கள். பிறகு லாசாவைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த அம்மாவின் பெயர் சூசி கார்சன் ரைன்ஹார்ட். கனடாவின் ஒன்டாரியோவில் 1868இல் பிறந்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில், 1888இல் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 1894இல் பெட்ரூஸ் ரைன்ஹார்ட் என்கிற டச்சுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். சீனத்தில் வேலை செய்த ஒரு பெரிய மிஷனிலிருந்து விலக்கப்பட்டவர் இந்தப் பெட்ரூஸ். ஆகவே இவர்களுக்குப் பின்னால் பலமான ஸ்தாபனம் எதுவும் இல்லை. மிஷனரி என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற காம்பவுண்டுச் சுவர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதச் சம்பளம் இதெல்லாம் இல்லாத மிஷனரிகள். 1895இல் திபெத்தின் கிழக்கு விளிம்பான அம்தோவில், கும்பும் மடத்தை ஒட்டிய லூசார் என்ற ஊரில் குடியேறினார்கள். அந்த வருஷமே அங்கே முஸ்லிம்களின் கலகம் வெடித்தது. மடத்தின் தலைமைத் துறவி இவர்களை மடத்துக்குள்ளேயே வந்து தங்கச் சொன்னார். காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். பிறகு தங்கர் என்ற எல்லை வணிக ஊருக்கு மாறினார்கள். அங்கேதான் 1897 ஜூன் 30இல் சார்லஸ் பிறந்தான். 1898 மே 20இல், இரண்டு வருஷத்துக்கான சாமான்களையும் திபெத்திய மொழியில் அச்சிட்ட வேதப் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு, கைக்குழந்தையோடு லாசாவுக்குப் புறப்பட்டார்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் வழியிலேயே கொண்டாடப்பட்டது. அடுத்த எட்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

குழந்தை போனதோடும் முடியவில்லை. நக்சுவில் திபெத்திய அதிகாரிகள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் தாக்கினார்கள். செப்டம்பர் 26இல், உதவி கேட்டு வரலாம் என்று ஆற்றுக்கு அக்கரையில் தெரிந்த கூடாரங்களை நோக்கிப் போன பெட்ரூஸ் திரும்பி வரவே இல்லை. சூசி தனியாக, கையில் ஒரு துப்பாக்கியோடும் கொஞ்சம் காசோடும், இரண்டு மாதம் மலைகளைத் தாண்டி நவம்பர் 26இல் தாச்சியென்லூ வந்து சேர்ந்தார். (இன்றைக்குக் காங்டிங் என்று வரைபடத்தில் இருக்கும் ஊர்.) 1901இல் 'திபெத்தியரோடு கூடாரத்திலும் கோயிலிலும்' என்று பொருள்படும் தலைப்பில் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். நம் கைக்கு வருவது இந்தப் பிரதிதான்.

இதை வாசிக்கிறவர்களுக்கு உடனே வருகிற ஒரு கோபம் உண்டு. எனக்கும் வந்தது. பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினாறாயிரம் அடி உயரத்துக்குப் போவாளா ஒரு தாய்? அதுவும் டாக்டருக்குப் படித்தவள்? கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் இந்தக் கோபத்தின் யோக்கியதை தெரிந்துவிடுகிறது. தகப்பனை யாரும் கேட்பதில்லை. பெட்ரூஸ் சாகசக்காரன், தியாகி, அல்லது ஏமாற்றுக்காரன். எப்படி இருந்தாலும் அவனுடைய கதை அவனுடையது. தாயின் கதையைத்தான் பிள்ளையை வைத்து அளக்கிறோம். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அதற்கும் ஒரு வசவு தயாராக இருக்கும். இன்னொன்று: தங்கரில்தான் இவர்களுக்கு வீடு. விட்டுவிட்டுப் போக வேறு வீடு கிடையாது.

ஆனால் இந்தப் பரிவோடு நிறுத்திவிடவும் முடியாது. ஏனென்றால் சூசியின் எழுத்து, தன் துக்கத்தை ஒரு திட்டத்துக்குள் வைத்துவிடுகிறது. சுவிசேஷம் நுழையாத தேசத்தில் முதல் விதையாக ஒரு சின்னக் கல்லறை என்கிற மாதிரி அந்தச் சாவுக்கு அர்த்தம் தரப்படுகிறது. அர்த்தம் தராமல் ஒரு தாயால் அதைத் தாங்கியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நான் சொல்ல வருவது, அந்த அர்த்தம் அந்த நிலத்தை என்ன செய்கிறது என்பதைப் பற்றி. ஆயிரம் வருஷமாக ஜனங்கள் மேய்ச்சலுக்கும் யாத்திரைக்கும் உப்பு வியாபாரத்துக்கும் போய்வந்த பாதை, இந்தப் பிரதியில் ஆளே இல்லாத வனாந்தரமாகிவிடுகிறது. அதில் ஒரே ஒரு கல்லறைதான் இருக்கிறது. அதுவும் வெள்ளைக் குழந்தையின் கல்லறை.

நக்சு அதிகாரிகளின் சங்கதியும் இப்படித்தான். அவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக வந்துபோகிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர்கள். அவர்கள் பக்கம் இருந்து பார்த்தால்? 1881இல் சரத் சந்திர தாஸ் என்கிற வங்காளி, பண்டிதர் வேஷத்தில் கிளம்பி லாசா வரை போய் வந்தார். ஆங்கிலேய அரசுக்காகத்தான் போனார் என்பது பிறகு வெளியானது. அவருக்கு இடம்கொடுத்த செங்சென் லாமாவை 1887இல் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அந்நியனை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பது நக்சுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1888இல் சிக்கிம் எல்லையில் ஆங்கிலேயப் படையோடு சண்டையும் ஆகிவிட்டிருந்தது. 1893 ஜனவரியில் ஆனி டெய்லர் என்ற இன்னொரு மிஷனரிப் பெண்ணையும் இதே நக்சுப் பக்கத்தில்தான் பிடித்துத் திருப்பினார்கள். வெள்ளைக்காரர் வந்தால் பின்னாலேயே பட்டாளம் வரும் என்று பயந்தவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதினார்கள். 1903 கடைசியில் யங்ஹஸ்பண்டின் பட்டாளம் வந்தேவிட்டது. 1904 மார்ச் 31இல் குரு என்ற இடத்தில், பழைய திரித்துப்பாக்கிகளோடு நின்ற திபெத்தியர்கள் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யார் மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்துக்கொண்ட ஆள் ரஹீம். லடாக்கைச் சேர்ந்த முஸ்லிம். வேறொரு ஆங்கிலேயக் காப்டனின் பயணக் குழுவில் வந்து, தங்கரில் இவர்களோடு சேர்ந்துகொண்டவன். சொந்த ஊருக்குத் திரும்ப இது ஒரு வழி அவனுக்கு. மற்ற வேலைக்காரர்கள் பாதியில் ஓடிப்போனபோது இவன் இருந்தான். குழந்தைமேல் உயிராக இருந்தான் என்று சூசியே எழுதுகிறார். அது செத்தபோது வாய்விட்டு அழுதவனும் அவன்தான். ரஹீமுக்கு இந்தப் பயணத்தில் சுவிசேஷமும் இல்லை, பூகோள சங்கமும் இல்லை. கூலிக்கு வந்தான், பிள்ளையைத் தூக்கினான், அழுதான், விடைபெற்றுப் போனான். பிரதிக்கு அதற்குமேல் அவனிடம் வேலை இல்லை.

சரி, அந்த மேட்டுநிலத்தில் குழந்தைகளே இல்லையா என்ன? திரும்பிய பக்கமெல்லாம் கூடாரம், கூடாரத்துக்குக் கூடாரம் பிள்ளை. சாங்தாங் மேய்ச்சல்காரப் பெண்கள் வருஷத்தில் பல தடவை கூடாரத்தைப் பிரித்து, யாக்குகளின் முதுகில் ஏற்றி, கைப்பிள்ளையைத் தோல் அங்கியின் மடிப்புக்குள் மார்போடு போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள். குழந்தையைச் சுற்றி உலர்ந்த சாணத்தூளைப் போட்டுக் கட்டிவிடுவார்கள். ஈரத்தையும் உறிஞ்சும், சூட்டையும் காக்கும். (நம் இலக்கியத்தில் வருகிற கவரிமா இந்த யாக்குதான் என்று ஒரு கருத்து உண்டு. எங்களுக்கு வகுப்பில் அதை மான் என்றே சொல்லித் தந்தார்கள்.) இவர்களுக்கு இது பயணமே இல்லை. பிழைப்பு. பயணம் என்ற சொல்லே, திரும்பிப் போய் எழுதுவதற்கு ஒரு வீடு வைத்திருப்பவர்களின் சொல்லோ என்று தோன்றுகிறது.

இதை வைத்துக்கொண்டு மண்ணின் ஞானம், தாய்மையின் ஆதிவடிவம் என்றெல்லாம் கிளம்பிவிடக் கூடாது. அப்படிப் பேசுகிற நண்பர்கள் நமக்கு நிறைய உண்டு. சீனக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் தாங்காத உயரத்தைத் திபெத்தியர் உடம்பு தாங்குகிறது என்பது உண்மை. அதற்கான மரபணுக் காரணத்தை 2010இல் ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். சமவெளியில் பிறந்து லாசாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீனக் கைக்குழந்தைகள், நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து இதயம் வீங்கிச் செத்ததை 1988இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை விவரித்தது. சூசிக்கு 1898இல் இந்த விளக்கம் எதுவும் கிடையாது. சார்லி எதனால் செத்தான் என்று இன்றைக்கு நாம் தீர்ப்பெழுதவும் முடியாது. ஆனால் மரபணு மட்டுமே பிள்ளையைக் காப்பாற்றிவிடுவதில்லை. இப்போது சொல்லப்போகிற திக்கி செரிங் பதினாறு பிள்ளை பெற்றவர். பிழைத்தது ஏழு.

திக்கி செரிங்கின் ஊர் தக்சேர். கும்பும் மடம் இருக்கிற அதே வட்டாரம். சூசி வைத்தியம் பார்த்த அதே ஜனங்கள். குதிரையும் பார்லியும் வைத்திருந்த சாதாரணக் குடியானவக் குடும்பம். 1935 ஜூலை 6இல் பிறந்த மகனுக்கு லாமோ தொண்டுப் என்று பெயர் வைத்தார்கள். பதின்மூன்றாம் தலாய் லாமாவின் மறுபிறப்பைத் தேடிவந்த குழு அவனைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு மூன்று வயசுகூட ஆகவில்லை. கண்டுபிடித்தவர்கள் உடனே கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. அந்தப் பகுதி மா பூஃபாங் என்ற முஸ்லிம் யுத்தப் பிரபுவின் கையில் இருந்தது. ஆசாமி மோப்பம் பிடித்துவிட்டான். முதலில் ஒரு லட்சம் சீன வெள்ளி கேட்டான். கொடுத்ததும் மேலும் மூன்று லட்சம் கேட்டான். அந்தப் பணத்தை யார் கொடுத்தது தெரியுமா? லாசா வழியாக மக்காவுக்கு ஹஜ் புறப்பட்டிருந்த முஸ்லிம் வணிகர்கள் கடனாகத் தந்தார்கள். லாசாவில் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. தலாய் லாமாவைச் சிறைவைத்தவனும் முஸ்லிம், மீட்டவர்களும் முஸ்லிம். மதத்தை வைத்து வரலாற்றைக் கோடு கிழிக்கிறவர்கள் இந்தக் கணக்கை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

பேரம் நடந்த ஒன்றரை வருஷம் பிள்ளை கும்பும் மடத்தில் இருந்தான், பெற்றோரைப் பிரிந்து. அது சந்தோஷமில்லாத காலம் என்று பெரியவனானபின் அவரே எழுதியிருக்கிறார். மடத்தில் இருந்த அப்பாவின் உடன்பிறந்தவர், சுவடி மாதிரித் தனித்தனித் தாளாக இருக்கும் நூலைப் பிள்ளை கலைத்துப்போட்டதற்காக அறைந்திருக்கிறார். அறைந்தபோது மூன்று வயசு. சூசியும் பெட்ரூஸும் கலகத்துக்குப் பயந்து ஒதுங்கிய அதே மடம்தான் இது. அங்கே அடைக்கலம்; இங்கே சிறைவாசம்.

1939 ஜூலையில், நாலு வயசு முடிந்த கொஞ்ச நாளில், பயணம் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு மேல். அப்பா, அம்மா, அண்ணன்மார், தேடல் குழு, வணிகர்கள், யாத்திரிகர்கள், ஏராளமான கோவேறு கழுதைகள், குதிரைகள், ஒட்டகங்கள். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் சார்லியைத் தூக்கிக்கொண்டு போன வடக்குப் பாதை. நடுவில் அதே தாங்-லா. இந்தக் குழந்தைக்கு மட்டும் பல்லக்கு. இரண்டு கழிகளை முன்னும் பின்னும் கோவேறு கழுதைகளின்மேல் பூட்டிய பல்லக்கு. கரடுமுரடான இடத்தில் ஆட்கள் தோள்கொடுப்பார்கள். உள்ளே லாமோ தொண்டுப்பும் அண்ணன் லோப்சாங் சம்தெனும். இரண்டும் அடித்துக்கொள்ளும். பல்லக்கு ஆடும். கழுதைக்காரன் பயந்துபோய் நிறுத்தி அம்மாவைக் கூப்பிடுவான். அம்மா திரையை விலக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பெரியவன் அழுதுகொண்டிருப்பான், சின்னவன் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பான். இதைச் சொல்கிறவர் அந்தச் சின்னவனேதான்.

எனக்கு இந்த வரலாற்றில் இதுதான் முக்கியமான இடம். அதிகாரபூர்வமான வரலாற்றில் அந்தப் பல்லக்கில் போனது அவலோகிதேஸ்வரர். வழியிலேயே, செப்டம்பரில், லாசா அரசு அவனைத் தலாய் லாமா என்று முறைப்படி அறிவித்துவிட்டது. ஆனால் கழுதைக்காரன் மடாதிபதியையோ மந்திரியையோ கூப்பிடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டான். தெய்வத்தைச் சுமக்கிற ஏற்பாடெல்லாம் பிரமாதம். பிள்ளையைச் சமாளிக்கிற வேலை மட்டும் எப்போதும்போல அந்தப் பெண்பிள்ளையின் தலையில். அக்டோபர் 8இல் லாசாவுக்குள் நுழைந்தார்கள். 1940 பிப்ரவரி 22இல் பட்டம் சூட்டினார்கள். திக்கி செரிங் 'மகத்தான தாய்' என்ற பட்டத்தோடு பெரிய மாளிகைக்குக் குடிபோனார். பிள்ளை பொதாலாவில் துறவிகளோடு. பார்க்க வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம், ஆனால் அவன் இனி வீட்டுப்பிள்ளை இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டதைக் குடும்பம் பெரும் பாக்கியமாக ஏற்றுக்கொண்டது. அதை நான் கேலி செய்யவில்லை. பாக்கியமும் பறிகொடுத்தலும் ஒரே சம்பவத்தில் இருக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

சுவிசேஷத்துக்காக ஒரு குழந்தை, சிம்மாசனத்துக்காக ஒரு குழந்தை. இரண்டையும் சமமாக்கிவிட்டதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒன்று அந்நியரின் திட்டம், மற்றது அந்த ஜனங்களின் சொந்த மரபு. ஆனால் நடக்கத் தொடங்கிய வயசில் இருக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. குளிர் தெரியும், பசி தெரியும், அம்மா இருக்கிறாளா இல்லையா என்பது தெரியும்.

அந்தப் பாதை இன்றைக்கு நெடுஞ்சாலை. 1954 டிசம்பர் 25இல் சிங்ஹாய்–திபெத் சாலையும் சிச்சுவான்–திபெத் சாலையும் லாசாவை எட்டின. மூன்று மாதப் பயணம் சில நாட்களாகச் சுருங்கியது. சாலை வந்தால் அரிசி வரும், மருந்து வரும், பட்டாளமும் வரும். எல்லாம் வந்தன. 2006 ஜூலை 1இல் ரயில். தாங்-லா நிலையத்தின் உயரம் 5,068 மீட்டர். பெட்டிக்குள் பிராணவாயு செலுத்துகிறார்கள். சீன நகரங்களின் நடுத்தர வர்க்கம் சொந்தக் காரில், பிராணவாயுக் குப்பியோடு, இரண்டு வயசுப் பிள்ளையைப் பின் இருக்கையில் கட்டி உட்காரவைத்து லாசாவுக்கு உல்லாசப் பயணம் போகிறது. போகட்டும், பார்க்க வேண்டிய நிலம்தான். அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் கீழே இறக்கிக்கொண்டு போகச் சாலை இருக்கிறது. சார்லிக்கு அது இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது சாலையைச் சபிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தச் சாலை யாரை எங்கே கொண்டுபோகிறது என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதே மேட்டுநிலத்தின் மேய்ச்சல்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடாரத்தைவிட்டு வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் திபெத்தியப் பிள்ளைகள் குடும்பத்தைப் பிரித்து அரசு விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருப்பதாக 2023 பிப்ரவரியில் ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் கவலை தெரிவித்தார்கள். சீன அரசு மறுத்தது.

நக்சுவை இன்னொரு முறை சொல்லியாக வேண்டும். கெதுன் சோக்கி நீமா 1989 ஏப்ரல் 25இல் பிறந்தது நக்சு வட்டாரத்தின் லாரியில். 1995 மே 14இல் தலாய் லாமா அவனைப் பதினோராம் பாஞ்சென் லாமா என்று அறிவித்தார். மூன்றே நாளில், ஆறு வயசுப் பிள்ளையும் அப்பாவும் அம்மாவும் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்குப் பிறகு வெளியார் யாரும் சுதந்திரமாக அவர்களைச் சந்திக்கவில்லை. அவர் படிப்பை முடித்து வேலை பார்க்கிறார் என்று 2020இல் சீன அரசு ஒரு வரி சொன்னது. பல்லக்குக்குத் திரை இருந்தது. அதை விலக்கிப் பார்க்க ஓர் அம்மாவைக் கூப்பிட முடிந்தது.

1959 மார்ச் 17 இரவு தலாய் லாமா லாசாவைவிட்டு வெளியேறினார். திக்கி செரிங்கும் கடைசி மகனும் கிளம்பினார்கள். இருபது வருஷத்தில் அந்தத் தாய்க்கு இரண்டாவது பெரும் பயணம். இந்த முறை தெற்கே. பின்னாலேயே பல்லாயிரம் ஜனங்கள், முதுகில் பிள்ளைகளோடு, பனிக் கணவாய்கள் வழியே வந்தார்கள். அஸ்ஸாமின் மிசமாரி முகாமில் வெயிலும் வயிற்றுப்போக்கும் தாங்காமல் செத்தார்கள். உயரம் கொன்ற பிள்ளையின் கதை ஒன்று. இங்கே சமவெளி கொன்றது. எஞ்சியவர்களுக்கு இந்திய அரசு கொடுத்த வேலை, இமயமலைச் சரிவுகளில் சாலை போடுவது. ஆணும் பெண்ணும் கல் உடைத்தார்கள். பிள்ளைகள் வேலையிடத்தின் ஓரத்தில், வெடிவைக்கிற மலைக்குக் கீழே, தார்ப்பாயில் கிடந்தார்கள்.

1960 மே மாதம் ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் தர்மசாலாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நோயும் பட்டினியுமாக இருந்தவர்கள். தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா அவர்களைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார். பிற்பாடு திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்று வளர்ந்த அமைப்பின் ஆரம்பம் அதுதான். பின்வந்த வருஷங்களில் திபெத்துக்குள்ளிருந்து பெற்றோரே தங்கள் பிள்ளைகளை யாரோ ஒரு வழிகாட்டியின் கையில் கொடுத்து, இமயத்தைத் தாண்டி இந்தப் பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தார்கள். போனால் பார்க்க முடியாது என்று தெரிந்தே அனுப்பினார்கள். அந்த முதல் 51 பேரில் பெற்றோர் உயிரோடு இருந்தவர்களின் அப்பாக்களும் அம்மாக்களும் அன்றைக்கு ஜம்மு மலையில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.